உன் ரிசப்ஷனுக்கு ஒரு ஃபிளாஞ்சர்

தினேஷ்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ டாலஸிலிருந்து பேசியபோது நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "குக்கர் வெச்சிருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. வாயைத் திறந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது, அதனால் வைத்தேன். இப்போது தெரியும், உட்கார்ந்து எழுதுகிறேன். நீ சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, திருப்பதியில் நடக்கப்போகும் உன் ரிசப்ஷனில் நான் பேஸ் கிடாரைத் தொடக் கூடாது, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு மேடையில் சோபாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். "அவங்க வீட்டில ஒரு மாதிரியா நெனைப்பாங்கம்மா, அந்த ஒரு நாள் மட்டும்" என்றாய். இன்னொன்று, அன்றைக்கு நான் சும்மா இருந்தால், ரொம்ப நாளாக நான் புலம்பிக்கொண்டிருக்கிற ஃபிளாஞ்சர் பெடலை நீ வாங்கித் தருவாய். "எது வேணும்னு மட்டும் சொல்லும்மா, ஆர்டர் போட்டுடறேன்." அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் காட்டுகிற மாதிரி காட்டினாயேடா! கேட்டுக்கொள். பெடலை நானே வாங்கிவிட்டேன். உன் ரிசப்ஷனில் வாசிக்கவும் போகிறேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் நம் பக்கத்து மேடைக் கலைஞர்கள் சேர்ந்து போடுகிற ஆண்டு மலருக்குக் கொடுத்திருக்கிறேன். ஊரெல்லாம் படிக்கட்டும். ஏன் இப்படிச் செய்கிறேன் என்பது கடைசியில் உனக்கே புரியும். "இதை ஒவ்வொரு தாம்பூலப் பையிலயும் ஒண்ணு போட்டுட்லாமா?" என்று உன் நைனா கேட்டார். அந்த அளவுக்கு வேண்டாம் என்று தடுத்திருக்கிறேன், அதற்காக எனக்கு நன்றி சொல்.

முதலில் பெடல் கதை. நீ அனுப்பிய லிங்கைத் திறந்து பார்த்தேன். பெரிய பலகை மாதிரி ஒன்று, நடுவில் டிவி, அதற்குள் எத்தனையோ சத்தம். "இதில எல்லாமே இருக்கும்மா, ஃபிளாஞ்சரும் இருக்கு" என்று எழுதியிருந்தாய். எனக்கு எல்லாமே வேண்டும் என்று எப்போதடா சொன்னேன்? எனக்கு வேண்டியது ஒரு சத்தம். கிடாரிலிருந்து வருகிற ஒலியை ஃபிளாஞ்சர் இரண்டாக்கும். ஒன்றை அப்படியே விட்டுவிடும். மற்றதைக் கண் இமைப்பதற்கும் குறைவான நேரம் தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தையும் ஒரே அளவில் வைக்காமல் கூட்டிக் குறைத்து, முதலாவதோடு கொண்டுவந்து சேர்க்கும். அப்போது ஒரு சுழல் எழும்பும். ஊ... என்று ஏறி, தலைக்கு மேலே விமானம் போகிற மாதிரி போய், மறுபடி இறங்கி வரும். பேஸில் அதை அளவோடு போட்டால், பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் பாட்டே ஒரு மூச்சு இழுத்து விடுவதுபோல இருக்கும். அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நீயே சாட்சி. அது தப்பியதால்தான் நீ பிறந்தாய். சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

நான் பாட வந்தவள். அது உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில்தான் கடலை பிடுங்கினார்கள். எங்கப்பா காலத்தில் பட்டா கையில் வந்த பிறகுதான் நம் கடலை என்று ஒன்றைத் துன்னோம். அந்த வீட்டிலிருந்து மேடையில் ஏறிப் பாடப் போன முதல் பெண் நான். புத்தூரில் ஒரு ஆர்கெஸ்ட்ரா. ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் வந்து, வீட்டுக்கு வீடு கேபிள் கம்பி போய், அதுவரை ஒளித்து விற்ற வெளிநாட்டுச் சாமானெல்லாம் கடை வாசலிலேயே தொங்க ஆரம்பித்த நேரம் அது. சாமான் உள்ளே வந்த வேகத்தில் ஆட்கள் வெளியே போனார்கள். எங்கள் பேஸ் கிடார் சேகர் அண்ணனும் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குக் கிளம்பினார். கிளம்புகிற அன்று கிடாரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இது சும்மா கெடந்தா துரு புடிச்சிப் பூடும். நீ வாசி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நானா? எனக்கு இன்னாண்ணா தெரியும்?" என்றேன். "நான் தப்பா வாசிச்சா பாடிக்கினே திரும்பி மொறைக்கிறியே, அது யாரு உங்க அம்மாவா? எங்க தப்புன்னு தெரிஞ்சவளுக்கு எங்க சரின்னும் தெரியும், எடு" என்றார்.

எடுத்தேன். தோள்பட்டை இறங்கிப் போகிற கனம். விரல் நுனியெல்லாம் கொப்புளம். குழு நடத்தியவருக்கு மனசே இல்லை. "பொம்பளப் புள்ள இத்தாம்பெரிசைத் தோள்ல மாட்டிக்கினு நின்னா பாக்கறவன் சிரிக்க மாட்டானா?" என்று கேட்டார். "சிரிக்கட்டும் சார், தாளம் போச்சுன்னா மட்டும் சொல்லுங்க" என்றேன். ஜனங்கள் சிரித்தார்கள்தான். நகரியில் ஒரு கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் ஒருவர், "ஏம்மா, அது வெறும் அட்டைதானே, சத்தம் திரைக்கு உள்ளேர்ந்துதானே வருது?" என்று மேடைக்குக் கீழே வந்து விசாரித்தார். கீழ்த் தந்தியை ஒரு இழுப்பு இழுத்தேன். அவர் கையில் இருந்த காபி டம்ளர் கிடுகிடுவென்று ஆடியது. போய் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு வந்த திமிர்தான், இன்னும் இறங்கவில்லை.

நான் வாசிக்கிற சேதி குவைத்துக்குப் போய்ச் சேர்ந்து, ஊருக்கு வந்த ஒருவர் கையில் சேகர் அண்ணன் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். பேரீச்சம்பழம், வலித் தைலம், அதோடு துண்டில் சுற்றிய ஒரு இரும்பு டப்பா. ஃபிளாஞ்சர்! பட்டன் மாதிரி ஒன்றைக் காலால் மிதித்தால் போதும் என்று பொட்டலம் கொண்டுவந்தவர் சொன்னார். எந்தக் குமிழை எவ்வளவு திருப்புவது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாவற்றையும் முழுசாகத் திருப்பிவைத்தேன். நம் ஆட்களுக்கு ரேடியோ வாங்கினாலும் அதுதானே முதல் வேலை! புத்தூரில் ஒரு ரிசப்ஷன், கரண்டு இல்லை, ஜெனரேட்டரில்தான் எல்லாம் ஓடுகிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் மாலை மாற்றப் போகிறார்கள், நான் மிதித்தேன். ஊ... என்று கிளம்பியது பார், பந்தல் தகரமெல்லாம் உறுமியது. ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. அடுத்த நிமிஷம் விளக்கு, மைக், வீடியோ லைட் எல்லாம் அணைந்து ஒரே இருட்டு. மாலை யார் கழுத்தில் விழுந்தது என்று மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் தகராறு.

நான் கிடாரோடு இறங்கி ஜெனரேட்டர் பக்கம் ஓடினேன். அங்கே ஜெனரேட்டர்காரர், பந்தியிலிருந்து பாதியில் எழுந்து வந்தவர், ரசம் வழிகிற எச்சில் கையோடு ஜெனரேட்டரை அணைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். "யோவ், இன்னாய்யா பண்ணே?" என்று கத்தினேன். "இன்னா பண்ணேனா? எஞ்சின் ஏறி ஏறி எறங்குதும்மா, இன்னும் ஒரு நிமிசம் வுட்டிருந்தா வெடிச்சிருக்கும்! ஊரையே காப்பாத்திக்கீறேன்!" என்றார். "அது எஞ்சின் இல்லய்யா, நானு!" என்றேன். அவர் என்னையும் கிடாரையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மாஞ் சத்தமும் உன்கிட்டேர்ந்தா வந்துச்சு?" என்றார். சொன்ன முகத்தில் கிண்டல் இல்லை. நான் கிடாரோடு நிற்பதைப் பார்த்துச் சிரிக்காத முதல் ஆம்பிளை அவர்தான். அவரைத்தான் நீ நைனா என்கிறாய். அன்றைக்கு வாங்க ஆரம்பித்த திட்டை இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பெடலில் ஒரு குறை இருந்தது. அது ஆறு தந்தி கிடாருக்காகச் செய்தது. பேஸுக்குப் போட்டால் சுழல் வரும், அடிச் சத்தம் போய்விடும். "அக்கா, நீங்க அத்த மிதிச்சா எனக்குக் கீழே தரையே இல்லாத மாதிரி கீது" என்று எங்கள் டோலக்குக்காரன் அழுவான். அதனால் மேல் ஸ்தாயியில் வாசிக்கிற இடத்துக்கு மட்டும் மிதித்து, அடியில் இறங்குமுன் அணைத்துவிடக் கற்றுக்கொண்டேன். அதற்கும் ஆயுள் இல்லை. கல்யாணமான பிறகு வந்த ஆயுத பூஜையில் உன் நைனா பக்தி முற்றி, ஜெனரேட்டர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பெட்டி என்று வரிசையாகச் சந்தனம் குழைத்துப் பூசிக்கொண்டு வந்தவர், பெடலுக்கும் நாலு குமிழுக்கு நாலு பொட்டு என்று ஈரச் சந்தனத்தை அப்பிவிட்டார். அது குமிழ் வழியாக உள்ளே இறங்கிக் காய்ந்துபோனது. அப்புறம் மிதித்தால் சுழல் இல்லை, கரகரவென்று சத்தம்தான். "சாமிக்குத்தான்டி போய்ச் சேர்ந்துச்சு" என்றார். அன்றைக்கு நான் அவரைச் சாமியிடமே அனுப்பியிருப்பேன். அதற்குப் பிறகு நீ பிறந்தாய், பள்ளிக்கூடம் போனாய், காலேஜ் போனாய். நான் வெறும் பேஸோடு ஓட்டிக்கொண்டே வந்தேன். புதுப் பெடல் என்று நினைக்கும்போதெல்லாம் உனக்கு ஒன்று முன்னால் வந்து நிற்கும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் அதுதான் முன்னால் நின்றது.

இதற்கு நடுவில் கீபோர்டு வந்தது. இடது கையில் பேஸ், வலது கையில் வயலின், ஒரு பொத்தானில் டிரம்ஸ். நாலு பேர் வேலையை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார். குழு நடத்தியவர் என்னைக் கூப்பிட்டு ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார். "இனிமே பேஸுக்கு ஆள் வேணாம்மா. நீ ரெண்டு பாட்டு பாடிட்டு அப்படி ஓரமா உக்காந்துக்கோ." தினேஷ், என்னை உட்காரச் சொன்ன முதல் ஆள் நீ இல்லை. நான் உட்காரவில்லை. கிடாரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். உன் நைனாவின் ஜெனரேட்டரையும் மைக் செட்டையும் வைத்துக்கொண்டு, என்னை மாதிரியே வேண்டாம் என்று சொல்லப்பட்ட டோலக், டிரம்ஸ், புல்லாங்குழல் எல்லாரையும் சேர்த்து நாங்களே ஒரு செட் ஆரம்பித்தோம். அந்தச் செட்டுக்கு ஒரு வழக்கம் வைத்தோம். எங்களில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் மற்றவர்கள் வந்து வாசிப்பார்கள். ஆனால் எப்போதும் முதலில் வாசிக்கிற சாமி பாட்டில், கல்யாண வீட்டுக்காரர் தன் வாத்தியத்தைத் தன் கையால் வாசித்தாக வேண்டும். டிரம்ஸ்காரர் தன் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்த ஈரக் கை காய்வதற்குள் வந்து குச்சியை எடுத்தார். புல்லாங்குழல்காரர் மகன் கல்யாணத்தில் அழுகை முட்டி, ஊத முடியாமல் திணறி, அப்படியும் ஊதி முடித்தார். கல்யாண வீட்டுக்காரர் கை வைக்காவிட்டால் மற்றவர்கள் உறையிலிருந்து வாத்தியத்தையே எடுக்க மாட்டார்கள். நீ என்னிடம் கேட்டது என்ன என்று இப்போது புரிகிறதா? அந்த ஒரு நாள் மட்டும் என்றாயே, நீ ஒரே பிள்ளை, எனக்கு இருப்பதே அந்த ஒரு நாள்தானடா!

இன்னொன்றும் இருக்கிறது. நீ திருப்பதியில் காலேஜ் படித்தபோது, நாராயணவனத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு நான் நேராக உன் ஹாஸ்டலுக்கு வந்தேன். தோளில் கிடார், கையில் உனக்கு எள்ளடை. உன் சிநேகிதன் ஒருவன் ஆசையாகக் கிட்டே வந்து இது யாருடையது என்று தெலுங்கில் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய், "மா மாமய்யதி" என்று. என் மாமாவுடையது! உனக்கு மாமாவே கிடையாது. எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. இல்லாத ஒருவனை உண்டாக்கி என் கிடாரை அவன் தோளில் மாட்டிவிட்டாய். எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. பிள்ளை பெரிய காலேஜில் படிக்கிறான், அவன் கஷ்டம் அவனுக்கு என்று எள்ளடையைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். சத்தியவேடு வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தேன். அன்றைக்கு நான் பேசவில்லை. இன்றைக்குப் பேசுகிறேன்.

நீ போனில் பேசிய மூன்றாம் நாள், கிடாரை உறையில் போட்டுக்கொண்டு சென்னை பஸ் ஏறினேன். உன் நைனா துணைக்கு வருகிறேன் என்றார். "நீ வந்தா கடையிலயே சந்தனம் பூசுவே" என்று விட்டுவிட்டுப் போனேன். "இன்னாம்மா இது, வீணையா?" என்றார் கண்டக்டர். பேஸ் கிடார் என்றேன். "பையனுக்கா?" என்றார். கடையிலும் அதே கேள்வி, "சன்னுக்கா மேடம்?" என்று. "எனக்கு" என்றேன். சொல்லும்போது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா! அந்தக் கடைப் பையன் உடனே அலமாரியைத் திறந்தான். ஃபிளாஞ்சர் என்று இருந்ததையெல்லாம் எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தான். நான் அவற்றைத் தரையில் வைக்கச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றினேன். அவன் முழித்தான். நாங்கள் வாசிக்கிற மேடையில் சாமி படம் இருக்கும், குத்துவிளக்கு எரியும். எங்களில் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. எனக்கு வேண்டிய பெடல் வெறுங்காலுக்குத் தோதான பெடல், அதைக் கையால் அமுக்கிப் பார்த்து எப்படி வாங்குவது?

முதலில் எடுத்தது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. பார்க்க அழகுதான். ஆனால் மிதித்தால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் குமிழ் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, பெடலே காலோடு நகர்ந்து வருகிறது. இன்னொன்றில் சத்தம் நன்றாக இருந்தது, ஆனால் அணைந்திருக்கிறதா எரிகிறதா என்று காட்டுகிற விளக்கு பெடலின் கீழ் ஓரத்தில், புடவைக் கொசுவம் விழுந்து மறைக்கிற இடத்தில் இருந்தது. இதைச் செய்தவர்கள் புடவை கட்டிய ஆளை நினைத்தே பார்க்கவில்லை. நீ சொன்ன பலகையையும் கேட்டேன், குறை வைக்கவில்லை. வேண்டிய சத்தத்தைத் தேடி மூன்று தடவை மிதிப்பதற்குள் ஒரு சரணம் முடிந்துவிடும். நீ டாலஸில் அறைக்குள் உட்கார்ந்து வாசிக்கிறவனாக இருந்தால் அதை வாங்கு, நல்ல சாமான்தான். கடைசியாக அவன், "இது பேஸுக்குன்னே தனியா வர்றது மேடம், கொஞ்சம் பெருசா இருக்கும்" என்று தயங்கிக்கொண்டே ஒன்றை எடுத்துவந்தான். அகலமான மிதி. மேல் ஓரத்தில் பளிச்சென்று விளக்கு. வேகம், ஆழம் என்று வழக்கமான குமிழ்களோடு ஒன்று கூடுதலாக இருந்தது. அதைத் திருப்பினால் அடிச் சத்தத்தைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, மேல் சத்தத்துக்கு மட்டும் சுழல் போடும்.

நான் உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்துக்கொண்டு, கீழ்த் தந்தியைச் சும்மா தட்டினேன். கையில் அதிர்வு வந்தது. பெடலை மிதித்துவிட்டு மறுபடி தட்டினேன். மற்றவற்றிலெல்லாம் இந்த இடத்தில் கையடியில் ஒன்றுமே இல்லாமல் போனது. இதில் அதே அதிர்வு, அதே கனம், அதன் தலைக்கு மேலே சுழல் மெதுவாக ஏறி இறங்குகிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைப் பையன் பயந்துபோய், "புடிக்கலியா மேடம்?" என்றான். "கட்டிக் குடுப்பா" என்றேன். இப்போது கேள், நீயும் ஒன்று வாங்கப்போகிறாய் அல்லவா, ஒரு புது வாழ்க்கை, அதற்கும் இதைத்தான் சொல்வேன். மேலே எத்தனை சுழல் வேண்டுமானாலும் போட்டுக்கொள். அமெரிக்கா போ, கார் வாங்கு, வீட்டில் இங்கிலீஷ் பேசு, பெயரைச் சுருக்கிக்கொள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடியைத் தொடாதே. அடி போனால் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தரை இருக்காது.

பஸ் ஸ்டாண்டில் வண்டிக்குக் காத்திருந்தபோது, நெஞ்சில் இருந்த சூடு ஆறுவதற்குள் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். அவங்க வீட்டில் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்றாயே, அந்த ஒரு மாதிரி என்ன மாதிரி என்று கேட்டுவிடலாம் என்றுதான். ரிசப்ஷனில் நான் பேஸ் கிடார் வாசிக்கப்போகிறேன், உங்களுக்குச் சங்கடம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் படபடவென்று கொட்டினேன். அந்தப் பக்கம் டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "மீரு வாயிஸ்தாரா வதினகாரு?" என்றார். நீங்கள் வாசிப்பீர்களா என்கிறார்! "பாபு செப்பனே லேதே!" பையன் சொல்லவே இல்லையாம். நீ அவர்களிடம் சொன்னது என்ன என்று ஒவ்வொன்றாக அவரே சொன்னார். அம்மா பாட்டு டீச்சராக இருந்தார், இப்போது விட்டுவிட்டார், முட்டிவலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது. அதனால்தான் அவர் சோபாவே ஏற்பாடு செய்திருக்கிறார். முட்டிவலியா! போன வாரம் வெதுருகுப்பத்தில் கெங்கம்மன் திருவிழாவில் ஆரம்பம் முதல் கடைசி வரை நின்றேனடா, உன் நைனாதான் நடுவில் உட்கார்ந்தார்.

எனக்கு மருமகளாக வரப்போகிற ஹரிதா போனை வாங்கினாள். "நிஜமாவா அத்தம்மா? பேஸ் கிடாரா?" என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அவள் குரல் இறங்கிவிட்டது. "என்கிட்டகூட சொல்லலையே" என்றாள். எனக்கு என் கோபமெல்லாம் அந்த நிமிஷம் பின்னால் போய்விட்டது. கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடம் நீ சொன்ன முதல் பொய் பெற்ற தாயைப் பற்றியது. அவள் வீட்டார் ஒரு மாதிரி நினைக்கவே இல்லை. நினைத்தது நீ. நினைத்துவிட்டு, பழியை முன்பின் தெரியாத அவர்கள் தலையில் வைத்தாய். முன்பு இல்லாத மாமாவை உண்டாக்கினாய், இப்போது இல்லாத முட்டிவலியை உண்டாக்கினாய். நாளைக்கு அவளைப் பற்றி யாரிடம் என்ன உண்டாக்குவாய் என்று அவள் யோசிக்க மாட்டாளா? நீ இன்றைக்கே அவளைக் கூப்பிடு. சுற்றி வளைக்காமல், எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் பொய் சொன்னேன் என்று சொல். என்னிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் அம்மா, எனக்கு வேறு போக்கில்லை. அவளுக்கு இருக்கிறது.

இப்போது புரிகிறதா, இதை ஏன் ஊரறிய எழுதினேன் என்று? நீ என்னை ஒளித்துவைத்தாய். நான் வெளியே வந்து நிற்கிறேன். எனக்கு உன்மேல் ஆசை போகவில்லை. நீ ஏர்போர்ட்டில் இறங்குகிற அன்று உனக்குப் பிடித்த நண்டுக் குழம்பு அடுப்பில் இருக்கும். ஆனால் நான் வெட்கப்பட மாட்டேன், ராஜா. நீ படித்தது, பறந்தது, இந்தப் பெண்ணைப் பார்த்தது எல்லாம் இந்த நாலு தந்தியின் மேல் நின்றுதான். அதைப் பார்த்து வெட்கப்பட என்னால் முடியாது. உனக்கு முடிந்தால் அது உன் பாடு.

ரிசப்ஷன் அன்று நடக்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன், தெரியாமல் நடந்தது என்று நீ சொல்லக் கூடாது. பட்டுப் புடவை கட்டுவேன், அதில் உன் ஆசை நிறைவேறும். சோபாவில் உட்கார மாட்டேன். அதில் கிடார் உறை உட்காரும். அறிவிப்பு செய்கிறவர் ஒவ்வொரு வாத்தியமாகப் பெயர் சொல்லி வரும்போது, "பேஸ் கிடார், மாப்பிள்ளையின் அம்மா" என்று தமிழிலும் தெலுங்கிலும் சொல்வார். நீ அப்போது தலையைக் குனிந்துகொள்ளலாம், நிமிரவும் செய்யலாம். நான் உன்னைப் பார்க்க மாட்டேன், எனக்கு டோலக்கைப் பார்க்கிற வேலை இருக்கும். பிறகு சாமி பாட்டு. பல்லவி முடிந்ததும் வெறுங்காலால் பெடலை மிதிப்பேன். குமிழ்கள் இந்தத் தடவை அளவாகத்தான் இருக்கும், பயப்படாதே. இந்தச் சத்தம் வேண்டாம், நிறுத்துங்கள் என்று உனக்கோ, உன் டாலஸ் சிநேகிதர்களுக்கோ தோன்றினால் மேடைக்கு வர வேண்டாம். மண்டபத்துக்குப் பின்னால் போங்கள். கரண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கு எங்கள் செட் நம் ஜெனரேட்டரில்தான் ஓடும். பட்டு வேட்டியோடு உன் நைனா அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். சாப்பிடக்கூட எழுந்து போக மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் போய் அணைக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரே ஒரு தடவை அணைத்ததற்கே இன்னும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

உன் அம்மா,
பேஸ் கிடார், சத்தியவேடு